கியரில் நிறுத்திய வண்டி

அந்தக் கட்டடத்தில் எட்டு வீடு, எட்டு கார். கார் நிறுத்த இருப்பதோ நாலே நாலு சந்து. கட்டினவர் காசு பார்ப்பதில் புலி, இடம் விடுவதில் பூனை. ஒவ்வொரு சந்திலும் இரண்டு கார்கள், ஒன்றின் முன்னால் ஒன்றாக நிற்கும். சுவரை ஒட்டி நிற்பது உள்வண்டி, சந்தின் வாயை அடைத்து நிற்பது வெளிவண்டி. உள்வண்டிக்காரர் கிளம்ப வேண்டுமென்றால் வெளிவண்டி நகர்ந்தாக வேண்டும்.

இதற்காக எட்டு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசி, நாலு பேர் கத்தி, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்துபோய், கடைசியில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். வெளிவண்டியை நியூட்ரலில்தான் விட வேண்டும். கை பிரேக் போடக் கூடாது. தரை வாசல் பக்கம் லேசாகச் சரிவதால் டயருக்கு அடியில் ஒரு அரைச் செங்கல் வைக்க வேண்டும். உள்வண்டிக்காரர் செங்கல்லைக் காலால் எத்திவிட்டு, வெளிவண்டியைக் கையால் தள்ளி முன்வெளியில் விட்டு, தன் வண்டியை எடுத்துக்கொள்வார். பிறகு வாட்ச்மேனையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, தள்ளின வண்டியைப் பழைய இடத்தில் சேர்த்துவிட்டுப் போவார். சாவியை யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டாம், யார் வீட்டு மணியையும் அடிக்க வேண்டாம். இதில் அந்தக் கட்டடத்துக்காரர்களுக்கு ஏகப்பெருமை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காலம் தள்ளலாம் என்பதில் அப்படி என்ன பெருமையோ, எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாடியில் தனியாக இருந்தவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவள். "மூச்ச நல்லா இழுங்க. பிடிச்சுக்கங்க. விடலாம்." வாழ்நாள் முழுக்க இதே மூன்று வாக்கியம்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொருவர் தோளையும் பிடித்துத் திருப்பி, கன்னத்தைத் தொட்டு நிமிர்த்தி, கையை இடுப்பில் வைத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரைத் தொட்டவள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அவளுக்குத் தொடுவதற்கு இருந்தது பல் துலக்கும் பிரஷ்தான்.

கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால் பெரிய கதை எதுவும் கிடையாது. அம்மா படுக்கையில் இருந்தாள், இவள் பார்த்துக்கொண்டாள். தம்பியைப் படிக்க வைத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பேச்சை எடுக்க வீட்டில் ஆளே இல்லை. தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பி மகன் மட்டும் தூர தேசத்திலிருந்து வாரம் ஒருமுறை போனில் வருவான். "நல்லா இருக்கீங்களா அத்தை? மாத்திரை போட்டுக்கிறீங்களா? உடம்பப் பாத்துக்கங்க." மூன்று வாக்கியம் இவனுக்கும். மூச்சை இழுத்துப் பிடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

நின்றே வேலை பார்த்ததில் அவளுடைய இடது முட்டி தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதிக்கவே கூடாது என்றார் எலும்பு டாக்டர். அதனால் பழைய காரை விற்றுவிட்டு, கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. வண்டி ஒன்று வாங்கினாள். உள்ளே இருப்பதெல்லாம் பழைய கியர் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு மோட்டார் செய்யும், அவ்வளவுதான். பழக்கிக்கொடுக்க வந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் முதல் வேலையாக அவளுடைய இடது காலைப் பின்னுக்கு மடக்கி வைக்கச் சொன்னார்.

"அந்தக் கால் இனிமே பயணி. டிக்கெட் வாங்கிட்டு சும்மா உக்காந்து வரட்டும்."

சொன்னால் கேட்கிற காலா அது? எத்தனை வருஷப் பழக்கம். முதல் திருப்பத்திலேயே கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தது. மாஸ்டரின் மூக்குக் கண்ணாடி பறந்துபோய் முன் கண்ணாடியில் மோதி விழுந்தது. மனிதர் நல்லவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பரவால்ல, பயணி பிரேக் புடிச்சிட்டாரு" என்றார்.

ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை, நிறுத்துவதில்தான் இருந்தது சங்கடம். அவளுடையது வெளிவண்டி. சந்துக்குள் பின்பக்கமாக நுழைய வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கினால்தான் சுவரில் உரசாமல் போகும். பின்னால் ஒரு முழம் தள்ளி இரண்டாம் மாடி டீச்சருடைய உள்வண்டி நிற்கும். பழைய வண்டியென்றால் கிளட்சைப் பாதி மிதித்து நத்தை மாதிரி ஊர்ந்து போய்விடலாம். இது அப்படியில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஒரு கணம் யோசிக்கும், பிறகுதான் மெல்ல நகரும். அவசரப்பட்டு ஆக்சிலேட்டரைத் தொட்டீர்களோ, பின்னால் நிற்கும் காரின் மூக்கை நோக்கித் துள்ளும்.

"ஆக்சிலேட்டர்னு ஒண்ணு இருக்கறதையே மறந்துடுங்க. பிரேக்க மட்டும் வெச்சு ஓட்டுங்க. கொஞ்சம் விடுங்க, பிடிங்க. விடுங்க, பிடிங்க" என்றார் மாஸ்டர்.

"விடலாம், பிடிச்சுக்கங்க. இது எனக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்றாள் அக்கா.

மாஸ்டர் போன பிறகு தனியாக நிறுத்திய முதல் நாள், சந்துக்குள் நுழைவதற்குள் அவளுக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. வண்டி ஒருவழியாக நின்றதும், அப்பாடா என்று சாவியைத் திருகி அணைத்து, செங்கல்லை வைத்துவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டாள். வண்டி ரிவர்ஸ் கியரிலேயே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. இந்த வகை வண்டியைக் கியரில் வைத்து அணைத்தால், கியர் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். சாவி போட்டு, பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றினால்தான் விடும். வெளியிலிருந்து குட்டிக்கரணம் போட்டாலும் ஓர் அங்குலம் அசையாது.

மறுநாள் காலையில் அவள் வீட்டு மணி அடித்தது.

அவளுக்கு அது தன் வீட்டு மணி என்று புரியவே கொஞ்ச நேரமானது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தால் இரண்டாம் மாடி டீச்சர். தலையில் ஈரம் சொட்ட, ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் சீருடை போட்ட பெண் குழந்தை.

"ஆன்ட்டி, வண்டி தள்ளினா நகரவே மாட்டேங்குது. கொஞ்சம் வரீங்களா?"

அக்கா பதறிப்போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் குழந்தை அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டது. யார் விரல் என்று பார்த்தா பிடிக்கும் குழந்தை? படி இறங்க ஒரு விரல் வேண்டும், கிடைத்ததைப் பிடித்தது. டீச்சர் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது கண்ணாடியை இறக்கி, "தேங்க்ஸ் ஆன்ட்டி, சிரமம் குடுத்துட்டேன்" என்று சிரித்தாள். குழந்தை பின் சீட்டிலிருந்து கையை ஆட்டியது. இவ்வளவுதான் நடந்தது. அந்த நாள் முழுக்க அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அன்று மாலை ஒழுங்காக நியூட்ரலில் விட்டாள். மறுநாள் மணி அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஜன்னலில் நின்று பார்த்தாள். டீச்சர் செங்கல்லை எத்திவிட்டு, இடுப்பைக் கொடுத்து அவள் வண்டியைத் தள்ளி, தன் வண்டியை எடுத்து, வாட்ச்மேனோடு சேர்ந்து மறுபடி தள்ளிவிட்டுப் போனாள். மாடியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கப்போகிறாள்? வழக்கம் அப்படி.

ஒரு வாரம் போனது. ஒரு மாலை சந்துக்குள் வண்டி நின்ற பிறகு, அக்கா கியர் தண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நியூட்ரலுக்குத் தள்ள அரை நொடி போதும். அவள் தள்ளவில்லை. சாவியைத் திருகி அணைத்தாள். திருடப்போகிறவளைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினாள்.

தப்புதான். தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பசித்தவனைப் பார்த்து ஏன் பசிக்கிறது என்று கேட்பவர்கள் வயிறு நிறைந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

அதன் பிறகு அது ஒரு முறைமையாகவே ஆகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தரம், பேராசை கூடாது என்று தனக்கே அளவு வைத்துக்கொண்டாள். கியரில் விட்ட நாளுக்கு மறுநாள் விடியும்போதே குளித்து, நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொள்வாள். கூடத்தைப் பெருக்கி, நாற்காலி மேல் கிடக்கும் துணியை மடித்து உள்ளே வைப்பாள். பிறகு கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். மணி அடித்ததும் திறந்துவிட மாட்டாள். எழுந்து, நாலு அடி உள்ளே போய், அங்கிருந்து நடந்து வருவது கேட்கிற மாதிரி வந்து திறப்பாள். "அடடா, மறுபடியும் மறந்துட்டேனா? புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்பாள். குழந்தைக்குத் தர பிஸ்கட்டும் வண்ணப் பென்சிலும் வாங்கி வைத்தாள். சாவியை வேண்டுமென்றே எங்காவது வைத்துவிட்டுத் தேடுவாள். அந்த இரண்டு நிமிஷமும் டீச்சர் கூடத்தில் நிற்பாள், குழந்தை நாற்காலியில் ஏறி உட்காரும்.

"ஆன்ட்டி, உங்க வீட்ல ஏன் யாருமே இல்ல?" என்று ஒருநாள் குழந்தை கேட்டது.

"நீதான் இருக்கியே" என்றாள் அக்கா.

டீச்சர் குழந்தையின் தலையில் லேசாகத் தட்டி, "அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்றாள். அக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பல வருஷமாக அவளை யாரும் எதுவும் கேட்டதே இல்லை.

வாட்ச்மேனுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது. "அக்கா, உங்க வண்டிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. எனக்கு வாய்ச்சவளாவது கெஞ்சினா நகருவா" என்பான். அக்காவும் சிரிப்பாள். சிரிக்க ஒருவன் கிடைத்தானே என்று அதையும் வரவில் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மாடிப்படியில் டீச்சரின் கணவன் பேசுவது அவள் காதில் விழுந்தது.

"அந்தம்மா வேணும்னே பண்றாங்களா என்ன?"

"சே, வாய அலம்புங்க. பாவம், வயசாகுது. நமக்கும் ஒருநாள் ஆகும்."

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றாள். அவர்கள் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டாள். இன்னொரு நாள், பள்ளிக்கூடத்தில் தாமதத்துக்கு விளக்கம் கேட்கிறார்கள் என்று டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து அக்கா, இனிமேல் இந்தப் புத்தி கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் நியூட்ரல்தான். இரண்டு வாரமும் மணி அடிக்கவில்லை, போன் வந்தது, மாத்திரை போட்டீர்களா என்றது. தம்பி மகனுக்குப் பதில் சொல்லும்போது தன் குரல் கரகரவென்று இருந்ததைக் கவனித்தாள். பேசாமலே இருந்து தொண்டை கட்டிவிட்டிருந்தது. அன்று மாலை மறுபடி கியரில் விட்டாள்.

மறுநாள் வழக்கம்போல் குளித்து, சேலை கட்டி, கதவோரம் உட்கார்ந்தாள். டீச்சர் கிளம்பும் நேரம் வந்தது, போனது. மணி அடிக்கவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்துவிட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூட விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களுக்கும், பிள்ளை குட்டி உள்ளவர்களுக்கும்தான் விடுமுறை நாள் தெரியும். அக்காவுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தானே?

ஏமாற்றம் தாங்கவில்லை. வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தே போனாள். கார் சாவி பைக்குள்ளேயே கிடந்தது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. யார் கூப்பிடப்போகிறார்கள்? காய்கறிக் கடையில் வேண்டுமென்றே மெதுவாகப் பொறுக்கினாள். கடைக்காரரிடம் தக்காளி விலையைப் பற்றித் தேவைக்கு மேல் பேசினாள். பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தாள்.

திரும்பி வந்தபோது கட்டடத்து முன்வெளியில் அரைச் செங்கல் தனியாகக் கிடந்தது. அவளுடைய வண்டியின் முன்பக்கம் ஒருபக்கமாகத் திரும்பி, சுவரை உரசிக்கொண்டு நின்றது. தரையில் டயர் இழுபட்ட கறுப்புத் தடம். வாட்ச்மேன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"எங்கக்கா போனீங்க? எத்தனை தடவ மணி அடிச்சோம் தெரியுமா? டீச்சர் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்துடுச்சு. வாயில இழுக்கற மருந்து வெச்சுப் பாத்தும் நிக்கல. வண்டிய எடுக்கலாம்னா உங்க வண்டி கல்லு மாதிரி நிக்குது. நானு, டீச்சரோட சாரு, மேல் வீட்டுப் பையன் எல்லாம் சேந்து தூக்கிப் பாத்தோம். கடைசில அந்தப் பொண்ணு குழந்தையத் தோள்ல போட்டுகிட்டு ரோட்டுக்கு ஓடுச்சு. எவனோ ஒரு புண்ணியவான் வண்டிய நிறுத்தி உங்க பழைய ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போனான். குழந்த உதடெல்லாம் நீலமாப் போயிருந்துச்சு அக்கா."

உதடு நீலமானால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அப்படி எத்தனை குழந்தைகளைக் கையில் ஏந்தி எக்ஸ்ரே பலகையில் படுக்க வைத்திருக்கிறாள். சிலருக்கு அது கடைசிப் படமாக இருந்திருக்கிறது. காய்கறிப் பையை வாட்ச்மேன் கையில் திணித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். முட்டி வலித்ததா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி அவள் வேலை பார்த்த இடம்தான். நுழைவாசலில் இருந்த பெண் புதியவள். "யாரப் பாக்கணும்? பேஷன்டுக்கு நீங்க என்ன உறவு?" என்றாள். அக்காவுக்குத் தெரிந்த வழிதானே, நேரே உள்ளே நடந்தாள்.

குழந்தை பிழைத்துவிட்டது. முகத்தில் மாட்டிய ஆக்சிஜன் மூடியோடு அயர்ந்து தூங்கியது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கதவுக் கண்ணாடி வழியாக அக்கா கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் டீச்சர், காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

"இப்போ ஒண்ணும் பயமில்லைன்னு சொல்லிட்டாங்க. நீங்க வேற இந்தக் காலோட ஓடி வந்திருக்கீங்களே ஆன்ட்டி."

அந்தக் கை சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிடலாம். வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று சொன்னால் போதும், நம்புவதற்குத் தயாராக இருந்தாள் டீச்சர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் வந்து போவாள். ஒருவேளை தினமுமே வருவாள். அக்காவுக்கு இது எல்லாமே அந்தக் கணத்தில் தெரிந்தது. தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

"நான் மறக்கலம்மா. வேணும்னுதான் கியர்ல விட்டேன்."

"என்ன சொல்றீங்க?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. முதல் தடவதான் மறதி. மத்ததெல்லாம் வேணும்னு பண்ணினது."

"ஏன்?"

"நீங்க வந்து மணி அடிப்பீங்கன்னுதான்."

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டாள். உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். அவள் கணவன் மருந்துச் சீட்டோடு பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான். "வீட்டுக்குப் போங்க" என்றான். "நான் ஏதாவது தப்பாப் பேசறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு போயிடுங்க."

அக்கா திரும்பினாள். தாழ்வாரத்தின் பாதிக்கு வந்திருப்பாள், டீச்சர் பின்னாலிருந்து கூப்பிட்டாள். குரலில் கோபம் இருந்தது, அழுகையும் இருந்தது.

"ஒரே ஒரு மாடி கீழ இருக்கோம். இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நீங்க வந்து எங்க வீட்டு மணிய அடிச்சிருக்கலாம்ல?"

டீச்சர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே, அவள் கேட்டுக்கொண்டதால், கார் நிறுத்தும் இடம் மாறியது. இனி அக்காவுடையது உள்வண்டி, டீச்சருடையது வெளிவண்டி. கட்டடச் சங்கத்துச் செயலாளர் மேலே வந்து, நல்ல செய்தி கொண்டுவந்தவர் போலச் சொன்னார். "உங்களுக்கும் நிம்மதி, அவங்களுக்கும் நிம்மதி. இனிமே காலங்கார்த்தால யாரும் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க." வாட்ச்மேன்கூட, "உள்ளிடம் கிடைக்கறதுக்கு ஆளாளுக்கு அடிச்சுக்கறாங்க, உங்களுக்கு யோகம்க்கா" என்றான்.

அவள் வெளியே போக வேண்டுமென்றால் செங்கல்லைத் தள்ளிவிட்டு டீச்சருடைய வண்டியில் கையை வைப்பாள். அது ஒழுங்காக நியூட்ரலில் நிற்கும். ஒரு கையால் தள்ளினாலே உருண்டு வழிவிடும். திரும்பி வந்து, தன் வண்டியை இப்போது மிக நன்றாக நிறுத்துவாள். கொஞ்சம் விடுவாள், பிடிப்பாள், விடுவாள், பிடிப்பாள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு உள்ளங்கை இடம். ஆக்சிலேட்டரைத் தொடவே மாட்டாள். மாஸ்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். யாருக்கும் யாருடைய தயவும் தேவையில்லாமல் நாட்கள் ஓடின. கதவோரத்து நாற்காலியை மட்டும் அவள் உள்ளே எடுத்துப்போட்டுவிட்டாள்.

படியில் இரண்டு தரம் டீச்சரைப் பார்த்தாள். இரண்டு தரமும் டீச்சர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். குழந்தை ஏதோ சொல்ல வாயெடுத்தது, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பின்னால் போய் நின்றுகொண்டது. மன்னிப்புக் கேட்கலாமென்றால் அந்த வார்த்தை அந்த நீல உதட்டுக்கு முன்னால் சுண்டைக்காய் பெறாது என்று அக்காவுக்குத் தெரியும்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது" என்று டீச்சர் கேட்டது காதை விட்டுப் போகவில்லை. அடிக்கலாம்தான். ஆனால் எதற்காக என்று அடிப்பது? அவள் வாழ்க்கையில் காரணம் இல்லாமல் யார் வீட்டுக்கும் போனதில்லை. காரணம் இல்லாமல் அவளிடம் யாரும் வந்ததுமில்லை. எலும்பு முறிந்தால் வருவார்கள், சளி கட்டினால் வருவார்கள், வண்டி நகராவிட்டால் வருவார்கள். காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் மனிதர்கள் வருவார்கள் என்று நம்பியே அவள் பழகிவிட்டாள். கொஞ்சம் சர்க்கரை கேட்கலாமா? டப்பா நிறைய இருக்கிறது. குழந்தைக்குப் பொம்மை வாங்கிப் போகலாமா? லஞ்சம் மாதிரி இருக்கும். வண்டியைத் தள்ள முடியவில்லை என்று சொல்லலாமா? அந்த நினைப்பு வந்ததும் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெறுங்கையோடு ஒரு மாடி இறங்கினாள். கதவுக்கு வெளியே பெரிய செருப்பு இரண்டு ஜோடி, சின்னது ஒரு ஜோடி. உள்ளே தொலைக்காட்சி ஓடியது, குழந்தை எதற்கோ சிரித்தது. அக்கா நின்றாள். திரும்பிப் போக ஒரு படி ஏறினாள். மறுபடி இறங்கி வந்து மணியை அழுத்தினாள்.

டீச்சர்தான் திறந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. அக்காவின் கைகளைப் பார்த்தாள், பிறகு படிப் பக்கம் பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி? வண்டி எடுக்கணுமா?"

"இல்ல."

"உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாதான் இருக்கேன்."

"அப்புறம்?"

அக்காவிடம் பதிலுக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. மற்றவர்கள் நாள் முழுக்க வாய்க்கு வந்தபடி சொல்கிற சொல்தான் அது. அவளுக்கு அதைச் சொல்லிப் பழக்கமில்லை.

"சும்மாதான் வந்தேன்" என்றாள்.

டீச்சர் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை, சாத்தவும் இல்லை. அவளுடைய கண்ணில் அந்தக் கோபம் இன்னும் இருந்ததை அக்கா பார்த்தாள். இருக்கட்டும், இருக்க வேண்டியதுதானே என்று நின்றாள்.

உள்ளேயிருந்து குழந்தையின் குரல் கேட்டது. "யாரும்மா வந்திருக்கறது?"

டீச்சர் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"எக்ஸ்ரே ஆன்ட்டி. சும்மா வந்திருக்காங்க."